சூரியன் படுவானுக்குப் போனதும் திருச்சி பேசுவது ஏன்?

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிக்குடியிலிருந்து உயர்தரம் படிக்கும் ஒரு மாணவி போன வாரம் எழுதியிருந்தார். வீட்டைத் துப்புரவாக்கும்போது அம்மப்பாவின் பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோ கிடைத்ததாம். பற்றரி போட்டால் இன்னும் பாடுகிறதாம். “ஆனால் சேர், பகலில் மீடியம் வேவ் முழுக்க இரைச்சல்தான். இரவு ஏழு மணிக்குப் பிறகு திருச்சி வானொலி பக்கத்து வீட்டில் பேசுவதுபோலக் கேட்கிறது. அம்மம்மாவிடம் கேட்டால், ரேடியோவுக்கு இருட்டினால்தான் காது திறக்கும் என்கிறா. உண்மையில் என்ன நடக்கிறது?”

அம்மம்மா சொன்னதில் இருட்டு சரி, காதுதான் பிழை. ரேடியோ இரவும் பகலும் அதே ரேடியோதான். மாறுவது நம் தலைக்கு மேலே, எழுபது எண்பது கிலோமீற்றர் உயரத்தில்.

பாடப் புத்தகத்தில் உள்ளதை வேகமாகக் கடந்துவிடுவோம். ஒரு கம்பியில் இலத்திரன்களை முன்னும் பின்னும் ஆட்டினால் அதிலிருந்து மின்காந்த அலை புறப்படும். மக்ஸ்வெல் 1865இல் இதைக் கணக்கில் காட்டினார். ஹேர்ட்ஸ் 1887, 88இல் மேசைமேல் செய்து காட்டினார். 1890களில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் மில்லிமீற்றர் அளவு அலைகளை வைத்தே சோதனைகள் செய்தார். மார்க்கோனி அதைத் தொழிலாக்கினார். திருச்சி நிலையத்தின் மீடிறன், அதாவது அதிர்வெண், 936 கிலோ ஹேர்ட்ஸ். அங்குள்ள கோபுரத்தில் இலத்திரன்கள் விநாடிக்கு 9 இலட்சத்து 36 ஆயிரம் தடவை ஆடுகின்றன. அறிவிப்பாளரின் குரல் அந்த ஆட்டத்தின் வீச்சைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. உங்கள் ரேடியோவுக்குள் கறுப்பாக ஒரு பெரைட் தண்டு இருக்கும். அதில் சுற்றிய கம்பியில் அதே ஆட்டம் மிக மெல்லியதாக மறுபடி தோன்றுகிறது. கைப்பேசியும் வைஃபையும் அடிப்படையில் இதே சங்கதிதான். ஆட்டத்தின் வேகமும், அதில் சேதியை ஏற்றும் விதமும் வேறு.

சரி, திருச்சியிலிருந்து மட்டக்களப்புக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 475 கிலோமீற்றர். இடையில் பூமி வளைந்திருக்கிறது. மீடியம் வேவ் அலையின் ஒரு பங்கு நிலத்தை ஒட்டிப் படர்ந்து வரும். ஆனால் காய்ந்த நிலம் வழியெல்லாம் அதை உறிஞ்சும். பாக்கு நீரிணையைத் தாண்டி வன்னிக் காட்டையும் கடந்து நம் பக்கம் வரும்போது மிஞ்சுவது இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோகும். உப்புக்கடலில் கதை வேறு. கடல்நீர் மண்ணைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நன்றாக மின்சாரம் கடத்தும், எனவே அதன் மேற்பரப்பை ஒட்டி வரும் அலை அதிகம் இழக்காமல் வரும். சென்னைக்கும் நமக்கும் தூரம் 600 கிலோமீற்றருக்கு மேல். ஆனால் வரைபடத்தில் கோடு கீறிப் பாருங்கள், கிட்டத்தட்ட முழுவதும் கடல். கல்லடிக் கடற்கரையில் பகல் வேளையில் 720இல் சென்னை மெல்லியதாக வருவதை நான் சில நாள்களில் கேட்டிருக்கிறேன். திருச்சி ஒருநாளும் வந்ததில்லை.

இதே உப்புநீர் தனக்குள் இறங்கிய அலையை விட்டுவைக்காது. ஒரு மெகா ஹேர்ட்ஸ் அலை கடல்நீரில் கால் மீற்றர் இறங்குவதற்குள் மூன்றில் ஒரு பங்காகிவிடும். கைப்பேசி அலைக்குச் சில சென்ரிமீற்றர் ஆழமே அதிகம். நம் வாவியின் பாடும் மீன்கள், பாடுவது மீன்தானா என்ற சண்டை ஒருபுறம் இருக்கட்டும், ஒலியை நம்பியது நல்ல முடிவு. துடுப்பை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பவர்களுக்கு அது தெரியும். ரேடியோ வைத்திருந்த மீனாக இருந்தால் பக்கத்து மீனுக்கே கேட்டிருக்காது.

நிலவழி இல்லையென்றால் மிச்சமிருப்பது வான்வழி. 1901 டிசம்பர் 12ஆம் திகதி மார்க்கோனி அத்திலாந்திக்கைத் தாண்டிச் சமிக்ஞை கேட்டதாக அறிவித்தபோது பலர் நம்பவில்லை. நேராகப் போகும் அலை பூமியின் வளைவை எப்படித் தாண்டும்? அடுத்த ஆண்டே கென்னலியும் ஹெவிசைட்டும் தனித்தனியாக ஒரே பதிலைச் சொன்னார்கள்: மேலே மின்கடத்தும் ஒரு படை இருக்க வேண்டும். இன்று அதை அயன மண்டலம் என்கிறோம்.

இனித்தான் எனக்கு மிகப் பிடித்த இடம். அவசரப்படாமல் வாருங்கள்.

சூரியனின் புறஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல்வளியில் உள்ள மூலக்கூறுகளிலிருந்து இலத்திரன்களைப் பிய்த்தெடுக்கின்றன. மிஞ்சும் அயன் இலத்திரனைவிட ஐம்பதாயிரம் மடங்கு பாரம், ரேடியோ அலை தள்ளினாலும் அசையாது. இலத்திரன் அப்படியல்ல. அலை வந்ததும் அதன் தாளத்துக்கு ஆடத் தொடங்கும். ஆடும் இலத்திரன் என்ன செய்யும் என்று மேலே பார்த்தோமே, அதுவே ஒரு சிறிய ஒலிபரப்புக் கோபுரம்! வாங்கிய சக்தியை அதே மீடிறனில் திரும்ப வெளியே விடும். கோடிக்கணக்கான இலத்திரன்கள் இப்படி விடும் அலைகள் மூல அலையோடு கலந்து, அதன் திசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கீழே வளைத்துவிடும். நண்பகலில் கல்முனை வீதித் தாரில் தண்ணீர் தேங்கியதுபோலத் தெரிகிறதே, அந்தக் கானல் நீரும் இப்படியான வளைவுதான். அங்கே ஒளி மேல்நோக்கி வளைகிறது, இங்கே ரேடியோ அலை கீழ்நோக்கி.

ஆனால் ஒரு நிபந்தனை. வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுக்கும் வரையில் இலத்திரனை யாரும் இடிக்கக் கூடாது.

சித்திரை வருடப்பிறப்புக்கு ஊரில் ஊஞ்சல் கட்டுவார்கள் அல்லவா? வெறும் வளவில் கட்டிய ஊஞ்சல் ஒரு தள்ளுக்கு நெடுநேரம் ஆடும். அதையே தேர்த்திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில் கட்டினால்? ஒரு ஆட்டம் முடிவதற்குள் யாரையாவது முட்டும். தள்ளிய பலமெல்லாம் முட்டுப்பட்டவர்களுக்கே போய்ச் சேரும்.

எழுபது, எண்பது கிலோமீற்றர் உயரத்தில் ஒரு படை இருக்கிறது. ‘டி’ படை என்பார்கள். அங்கே காற்று மெல்லியது என்றாலும் இலத்திரனுக்கு அது கூட்டம்தான். ஒவ்வொரு இலத்திரனும் விநாடிக்குப் பத்து இலட்சம் தடவைக்கு மேல் மூலக்கூறுகளோடு மோதுகிறது. திருச்சியின் அலை ஆட்டுவதோ விநாடிக்கு 9 இலட்சத்துச் சொச்சம் தடவை. ஒரு ஆட்டத்துக்கு ஒரு மோதல் என்ற கணக்கு. அறிவிப்பாளரின் குரல் அலையாகத் திரும்பாமல் வளியை இம்மியளவு சூடாக்கிவிட்டு முடிந்துபோகிறது. பகல் முழுவதும் நாம் கேட்க வேண்டிய பாட்டுகள் அங்கே சூடாகிக்கொண்டிருக்கின்றன.

இன்னும் கொஞ்சம் மேலே, 110 கிலோமீற்றருக்குப் போனால் மோதல் விநாடிக்குப் பத்தாயிரம் அளவுக்குக் குறைந்துவிடும். அங்கே இலத்திரன் ஏறத்தாழ நூறு ஆட்டம் ஆடிய பிறகுதான் ஒருமுறை முட்டுப்படும். வாங்கியதில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஒரே இலத்திரன், ஒரே அலை. கீழே இருந்தால் விழுங்குகிறது, மேலே இருந்தால் திருப்பி அனுப்புகிறது.

இப்போது மேற்கே, படுவான்கரைப் பக்கம் சூரியன் இறங்குகிறது. டி படையில் காற்று அடர்த்தி கூட, ஆகவே இலத்திரன் சில நிமிடங்களுக்குள் ஏதோ ஒரு அயனோடோ ஒட்சிசன் மூலக்கூறோடோ ஒட்டிக்கொள்ளும். பகலில் சூரியன் புதுப்புது இலத்திரன்களைப் பிய்த்துப் போட்டு ஈடுசெய்துகொண்டிருந்தது. சூரியன் போனதும் படையே காணாமல் போகிறது. மேலுள்ள படைகளிலோ காற்று மிக மெல்லியது, ஒட்டிக்கொள்ள ஆள் கிடைப்பது கடினம். அங்கே இலத்திரன்கள் இரவிலும் மிஞ்சியிருக்கும். பகலெல்லாம் மறைத்த திரை விலக, திருச்சி அலை மேலே போய் வளைந்து களுவாஞ்சிக்குடி அம்மம்மாவின் திண்ணைக்கு இறங்குகிறது.

இரவில் அந்தக் குரல் ஒரு நிமிடம் பெருகி, மறு நிமிடம் தேய்வதைக் கவனித்திருப்பீர்கள். வெவ்வேறு பாதையில் வந்த அலைகள் சில கணம் ஒன்றையொன்று கூட்டும், சில கணம் அழிக்கும். மேலே படை அசைய அசையப் பாதைகளின் நீளமும் மாறும். அப்பிள்டன் என்ற ஆங்கிலேயர் இந்தக் கூட்டல் கழித்தலைக்கொண்டே படையின் உயரத்தை அளந்தார். 1924 டிசம்பரில், போர்ன்மத்தில் இருந்த பிபிசி ஒலிபரப்பியின் மீடிறனை மெல்ல மாற்றச் சொல்லிவிட்டு, ஒக்ஸ்போர்ட்டில் இருந்து ஏற்ற இறக்கங்களை எண்ணினார். கிட்டத்தட்ட நூறு கிலோமீற்றர் என்று வந்தது. 1947இல் நோபல் பரிசும் வந்தது. இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட மனமில்லை: 1933இல் தெல்லகென் என்ற டச்சுக்காரர் சுவிற்சர்லாந்தின் ஒரு நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது பின்னணியில் லக்சம்பேர்க் வானொலியின் நிகழ்ச்சி கேட்டது. இரண்டும் வேறு வேறு மீடிறன். லக்சம்பேர்க்கின் பலத்த அலை மேலே இலத்திரன்களைச் சூடாக்கி, மோதல் வேகத்தைத் தன் பாட்டுக்கேற்ப மாற்ற, அவ்வழியே போன மற்ற நிலையத்தின் அலையில் அந்தப் பாட்டு பதிந்துவிட்டது. இலத்திரன் முட்டுப்படும் சத்தத்தை மனிதன் காதால் கேட்டதற்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் எனக்குத் தெரியாது.

2019 டிசம்பர் 26ஆம் திகதி காலை கங்கண சூரிய கிரகணம் வந்தது. யாழ்ப்பாணம், திருகோணமலைப் பக்கம் வளையமாகத் தெரிந்தது, இங்கே சூரியனின் பெரும்பகுதி மறைந்தது. ஆழிப்பேரலையின் பதினைந்தாம் ஆண்டு நினைவு நாளும் அதுவே. ஒன்பது இருபத்தைந்துக்குக் கடற்கரையில் இரண்டு நிமிட மௌனம். எங்கள் ஒழுங்கையில் பாதிப்பேர் கதவைச் சாத்திவிட்டார்கள். சோற்றுப் பானையில் தர்ப்பை, முற்றத்தில் தாம்பாளத்தில் நிறுத்திய உலக்கை, கர்ப்பிணிப் பெண்ணுக்கு அறையை விட்டு வரத் தடை. நான் ரேடியோவை 936இல் வைத்துக்கொண்டு மாமரத்தடியில் இருந்தேன். ஒன்பதரை வாக்கில் இரைச்சலுக்கு அடியிலிருந்து பேச்சுக்குரல் எழுந்தது, கொஞ்ச நேரம் நின்றது, பத்தரைக்குள் அடங்கிவிட்டது. உலக்கை எந்த நாளிலும் நிற்கும். அடிப்பக்கம் தட்டையாக இருந்தால் போதும், வேண்டுமானால் இன்றைக்கே நிறுத்திப் பாருங்கள். பகலில் திருச்சி கேட்பதோ அன்றைக்குத்தான் நடக்கும். அதைக் கேட்காமல் அறைக்குள் அடைந்திருந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான்.

கைப்பேசிக் கோபுரத்துக்குப் பயப்படுவோருக்கும் பதில் அந்த டி படையிலேயே இருக்கிறது. அங்கே இலத்திரனைப் பிய்க்கும் சூரியப் புறஊதா ஒளியின் ஒவ்வொரு துணிக்கைக்கும், 3.5 கிகா ஹேர்ட்ஸ் 5ஜி அலையின் துணிக்கையைவிட ஏறத்தாழ ஏழு இலட்சம் மடங்கு சக்தி. கைப்பேசி அலை இலத்திரனை ஆட்டும், மிஞ்சினால் கொஞ்சம் சூடாக்கும், பிய்க்காது. கடைகளில் விற்கும் ‘கதிர்வீச்சுத் தடுப்பு’ ஸ்டிக்கர் உண்மையிலேயே அலையைத் தடுத்தால், கோபுரத்துக்குக் கேட்கவில்லையென்று போன் இன்னும் பலமாகக் கத்தும், பற்றரி சீக்கிரம் இறங்கும். காசு கொடுத்து வாங்க வேறு நல்ல சாமான்கள் இருக்கின்றன.

900, 1800 மெகா ஹேர்ட்ஸ் அலைகளுக்கு அயன மண்டலம் கண்ணாடிமாதிரி. நேரே ஊடுருவி விண்வெளிக்குப் போய்விடும். அதனால்தான் சில கிலோமீற்றருக்கு ஒரு கோபுரம். வெள்ளத்தில் மின்சாரம் போய்க் கோபுரத்தின் பற்றரியும் இறங்கினால் நம் கையில் இருப்பது வெறும் ரோச் லைற். வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுகளில் இன்னும் சிற்றலை ரேடியோ செட் இருப்பது இதனால்தான். நடுவில் எந்தக் கோபுரமும் வேண்டாம், வானமே போதும். பகலுக்கு உயர்ந்த மீடிறன், இரவுக்குத் தாழ்ந்தது. இலங்கையில் 1925 டிசம்பர் 16இல் ஆரம்பித்த வானொலிச் சேவை பிற்காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்கள்வரை கேட்டதும் இதே வான்வழியில்தான். அப்போது போக்குவரத்து எதிர்த்திசையில் இருந்தது.

காந்த மத்திய கோடு நமக்கு மிக அண்மையாகப் போகிறது. அதன் மேலுள்ள அயன மண்டலம் உலகிலேயே விசித்திரமானது. சூரியன் மறைந்த பிறகு அங்கே குமிழிகள்போல வெற்றிடங்கள் எழும்பி ஜிபிஎஸ் சமிக்ஞையையே நடுங்க வைக்கும். இந்த மண்டலத்தைப் படிக்கவென்றே இந்தியா 1963இல் கேரளத்துத் தும்பாவில் ரொக்கட் தளம் அமைத்தது. அதே வானம் நம் பல்கலைக்கழகங்கள் இருக்கும் வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் மேலே இலவசமாகக் கிடக்கிறது. நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உற்பத்தியில் 0.1 சதவீதம் அளவு. நான் ரொக்கட் வேண்டுமென்று கேட்கவில்லை. கணினியில் செருகும் ஒரு சிறு ரேடியோ ஏற்பி ஒரு நல்ல சோடிச் சப்பாத்தின் விலைதான். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று கொடுத்தால் ஒவ்வொரு மாலையும் 936இன் பலத்தைப் பிள்ளைகள் பதிந்துகொண்டே வருவார்கள். பத்து வருடப் பதிவு கையில் இருந்தால், சூரியனின் பதினொரு வருடச் சுழற்சியில் பெரும்பகுதி நம் பிள்ளைகளின் கொப்பியிலேயே கிடக்கும்.

களுவாஞ்சிக்குடி மாணவிக்கு அதுவரை ஒரு வேலை. இன்று மாலை ஐந்தரைக்கு ரேடியோவை 936இல் வைத்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பதை எழுதுங்கள்: இரைச்சல், முணுமுணுப்பு, சொல் விளங்குகிறது, பாட்டு விளங்குகிறது. எழுபது கிலோமீற்றர் உயரத்தில் சூரியன் மறைவது நிலத்தில் மறைந்து அரை மணித்தியாலம் கழித்துத்தான். ஆனால் சாய்ந்த கதிர் தடித்த காற்றைக் கடந்து வருவதால் டி படை அதற்கு முன்பே தளரத் தொடங்கும். எத்தனை மணிக்கு முதல் சொல் விளங்கியது என்று எனக்கு எழுதுங்கள். ரேடியோவைக் கிடையாக வைத்து மெல்லத் திருப்பிப் பார்த்து, குரல் கூடுதலாக வரும் பக்கத்திலேயே விட்டுவிடுங்கள். தொடங்குமுன் வீட்டிலுள்ள எல்.ஈ.டி. பல்புகளையும் போன் சார்ஜரையும் நிறுத்திவிடுங்கள். நீங்கள் பகலில் கேட்ட இரைச்சலில் பாதி அவற்றின் வேலையாகவே இருக்கும்.