பூமியின் முன்கண்ணாடி

விண்கல் மழை பார்க்கக் கிளம்புகிறவர்களில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு; நானும் செய்திருக்கிறேன். 'இன்றிரவு மணிக்கு நூறு' என்று செய்தியில் படித்துவிட்டு, சாப்பிட்ட கையோடு மாடிக்குப் போய், ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணி வரை கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்து, மூன்றோ நான்கோ எண்ணிவிட்டுச் சலித்துப் போய்ப் படுத்துவிடுவது. மறுநாள் எல்லாரிடமும் 'ஒன்றுமே இல்லை' என்று சொல்வது. வானத்தில் இருந்தது. பூமியின் தவறான பக்கத்திலிருந்து பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

பூமி சூரியனைச் சுற்றி நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஓடுகிற எதற்கும் முன்பக்கம், பின்பக்கம் உண்டு. மழையில் விரையும் பஸ்ஸின் முன்கண்ணாடியில் துளிகள் சடசடவென்று அறையும். பின்கண்ணாடியில் ஒன்றிரண்டு வழியும். முன்னிரவில் நாம் உட்கார்ந்திருப்பது பின்கண்ணாடிப் பக்கம். பூமி தன்னைத்தானே சுற்றுவதால், நள்ளிரவு தாண்டியதும் முன்பக்கத்துக்கு வந்துவிடுகிறோம். விடியும் தறுவாயில், பூமி எந்தத் திசையில் பாய்கிறதோ அந்தத் திசை ஏறக்குறைய நம் தலைக்கு மேலே இருக்கும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு. சூரியனின் பிடிக்குள் இருக்கும் துகள் எதுவும், பூமி இருக்கும் தொலைவில் நொடிக்கு 42 கிலோமீட்டருக்கு மேல் ஓட முடியாது. ஓடினால் சூரியக் குடும்பத்தை விட்டே போய்விடும். அப்படி ஒரு துகள் நமக்கு நேர் எதிரே வந்தால் மோதும் வேகம் 42-உம் 30-உம் சேர்ந்து 72. பின்னாலிருந்து துரத்திப் பிடித்தால் 42-இல் 30 போக வெறும் 12. (பூமியின் ஈர்ப்பு இந்த விடையைச் சற்றே கூட்டும், இப்போதைக்கு விட்டுவிடலாம்.) வேகம் ஆறு மடங்கானால் ஆற்றல் முப்பத்தாறு மடங்கு. அதனால் பின்னிரவில் மோதல்கள் கூடுவதோடு, முன்னிரவில் கண்ணுக்கே தட்டுப்படாத பொடித் துகள்கூட ஒளிக்கீற்றாகிவிடுகிறது.

ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் உச்சம் தொடும் பெர்சீட் பொழிவின் துகள்கள் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் வருகின்றன. ஒரே ஒரு கிராம் எடை என்று வைத்தால், அதற்குள் இருக்கும் இயக்க ஆற்றல், ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 210 கிலோமீட்டரில் பறக்கும்போது இருக்கும் ஆற்றலுக்குச் சமம். நாம் பார்ப்பவற்றில் பெரும்பாலானவை ஒரு கிராம்கூட இல்லை, மணல் பருமன்தான். விண்கல் மழை என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்றுதான். இந்தப் பொழிவுகளில் கல் எதுவும் தரைக்கு வந்து சேருவதில்லை.

'காற்றில் உராய்ந்து தீப்பிடிக்கிறது' என்றுதான் நம்மில் பலர் படித்திருக்கிறோம். தீ என்று அங்கே எதுவும் இல்லை. ஒளி தோன்றும் 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி, தரைமட்டத்தில் இருப்பதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. துகள் அங்கே காற்று மூலக்கூறுகளை ஒவ்வொன்றாக முட்டிக்கொண்டு வருகிறது. அந்த வேகத்தில் ஒவ்வொரு முட்டலும் சம்மட்டி அடி. மேற்பரப்பு ஆவியாகி, ஆவியின் அணுக்கள் மறுபடி காற்றோடு மோதிக் கிளர்ச்சியடைந்து ஒளியை உமிழ்கின்றன. ஆக, நாம் பார்ப்பது துகளை அல்ல, அதைச் சூழ்ந்து ஒளிரும் ஆவியை. நிறமும் இதிலிருந்தே வருகிறது: சோடியம் ஆரஞ்சு கலந்த மஞ்சள், மக்னீசியம் நீலப்பச்சை, கால்சியம் ஊதா. ஒரு நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இந்தப் பொடியெல்லாம் வால்மீன்கள் போட்டுவிட்டுப் போன குப்பை. சூரியனை நெருங்கும்போது வால்மீனின் பனி ஆவியாகிறது. அதில் புதைந்திருந்த தூசி கழன்று, பல நூற்றாண்டுகளில் அதன் பாதை நெடுகப் பரவிவிடுகிறது. பூமி ஆண்டுதோறும் அதே தேதியில் அந்தப் பாதையைக் குறுக்கே கடக்கிறது. பெர்சீட் தூசிக்குச் சொந்தக்காரர் 1862-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்விஃப்ட்-டட்டில் வால்மீன். சுமார் 133 ஆண்டுக்கு ஒருமுறை வரும், கடைசியாக வந்தது 1992-இல். இந்த உறவை 1866-இல் எடுத்துக்காட்டியவர் இத்தாலிய வானியலாளர் ஷியாபரெல்லி.

ஒரே பாதையில் வருவதால் துகள்கள் இணைகோடுகளில் பாய்கின்றன. இணையாக ஓடும் தண்டவாளங்கள் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதுபோலத் தோன்றுமல்லவா, அதேபோல இந்தக் கீற்றுகளும் வானில் ஒரே புள்ளியிலிருந்து விரிவதாகத் தோன்றும். 1833 நவம்பரில் வட அமெரிக்காவில் மணிக்குப் பல்லாயிரம் கீற்றுகள் கொட்டி, ஊர் ஊராக மக்கள் எழுந்து வெளியே ஓடிவந்த விடியற்காலையில், அவை சிம்ம ராசியில் ஒரே இடத்திலிருந்து கிளம்புவதைப் பலர் கவனித்தார்கள். அந்தத் தகவல்களையெல்லாம் திரட்டிய அமெரிக்கப் பேராசிரியர் டெனிசன் ஓம்ஸ்டெட், இவை விண்வெளியிலிருந்து வருபவை என்று வாதிட்டார்.

குறிப்பிட்ட ஒரு பொழிவைப் பார்க்க விரும்பினால் இந்தப் புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதே முக்கியம். 'மணிக்கு நூறு' என்பது அந்தப் புள்ளி நேர் உச்சியிலும் வானம் கும்மிருட்டாகவும் இருந்தால் கிடைக்கும் எண்ணிக்கை. புள்ளி 30 பாகை உயரத்தில் இருந்தால் பாதிதான் மிஞ்சும். நிலவும் தெருவிளக்குகளும் அந்தப் பாதியிலும் கைவைக்கும். பெர்சீட் புள்ளி இரவு ஏற ஏறத்தான் மேலே வருகிறது. தூக்கத்தை விட முடியாதவர்களுக்கு டிசம்பர் 13, 14-இல் வரும் ஜெமினிட்தான் ஏற்றது. மிதுன ராசியிலுள்ள அதன் புள்ளி முன்னிரவிலேயே எழுந்துவிடும். வேகமும் நொடிக்கு 35 கிலோமீட்டர்தான் என்பதால் கீற்றுகள் நிதானமாக, நின்று பார்க்க வைக்கும்படி நகரும். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தூசி வால்மீனுடையது அல்ல. 1983-இல் கண்டறியப்பட்ட ஃபேதான் என்ற சிறுகோளுடையது.

அந்தப் புள்ளியையே முறைத்துப் பார்க்கத் தேவையில்லை. அதற்கு அருகே தோன்றுபவை நம்மை நோக்கி வருபவை; குட்டையாகத்தான் தெரியும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் நீளமான கீற்றுகள் கிடைக்கும். தொலைநோக்கி வேண்டவே வேண்டாம், அது வானத்தைக் குண்டூசி முனையளவாக்கிவிடும். பாயை விரித்து மல்லாந்து படுப்பதைவிட நல்ல கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

மற்றொரு கருவி, கண். விழித்திரையின் கோல் செல்களில் இருக்கும் ரொடாப்சின் என்ற நிறமிதான் மங்கல் ஒளியைப் பிடிக்கிறது. வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும். இருட்டில் மறுபடி சேர 20 முதல் 30 நிமிடம் ஆகும். சிவப்பு விளக்குக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. மங்கலான சிவப்பு இந்த நிறமியை அவ்வளவாகக் குலைக்காது.

இன்னொன்று: மணிக்கு முப்பது என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்று பொருள் இல்லை. துகள்கள் முறைவைத்து வருவதில்லை. அடுத்தடுத்த நொடிகளில் இரண்டு கிழிக்கும், பிறகு ஆறேழு நிமிடம் வானம் அசையாமல் கிடக்கும். அந்த இடைவெளியில்தான் கை தானாகப் பாக்கெட்டுக்குப் போய், மணி என்ன ஆயிற்று என்று பார்க்க செல்போனை எடுக்கிறது. திரை ஒளிர்ந்த அந்த நொடியிலிருந்து, கண்ணுக்கு மறுபடி இருபது நிமிடம்.