‘தேசிய’ அருங்காட்சியகம் என்றால் என்ன? வின்னிபெக் கட்டடத்தின் கதை

2018இல் வந்த கனடாவின் செங்குத்தாக அச்சிட்ட பத்து டாலர் நோட்டைத் திருப்பிப் பார்த்தால் ஒரு கண்ணாடிக் கட்டடம் தெரியும். மனிடோபா மாகாணத் தலைநகர் வின்னிபெக்கில் இருக்கும் கனடிய மனித உரிமைகள் அருங்காட்சியகம் அதுதான்.

இப்படி ஒன்று வேண்டும் என்று முதலில் கிளம்பியது அரசு இல்லை. ஊடக முதலாளி இஸி ஆஸ்பர் 2003 ஏப்ரலில் திட்டத்தை அறிவித்தார், அக்டோபரில் இறந்துபோனார். அப்புறம் மகள் கெய்ல் ஆஸ்பர்தான் விடாமல் நிதி திரட்டினார்.

ஆனால் எவ்வளவு நன்கொடை சேர்ந்தாலும் ஓர் இடம் ‘தேசிய’ அருங்காட்சியகம் ஆகிவிடாது. அதற்குச் சட்டம் வேண்டும். கனடாவில் 1990ஆம் ஆண்டின் அருங்காட்சியகச் சட்டம் தேசிய அருங்காட்சியகங்களைப் பெயர் சொல்லியே நிறுவுகிறது. 2008இல் பாராளுமன்றம் அதைத் திருத்தி இந்தப் பெயரையும் சேர்த்தது. தலைநகர் ஒட்டாவா வட்டாரத்துக்கு வெளியே அமைந்த முதல் தேசிய அருங்காட்சியகம் இது. திறப்பு விழா 2014 செப்டம்பரில்.

சரி, சட்டத்தில் பெயர் ஏறினால் என்ன கிடைக்கும்? முதலாவது, பணம். கட்ட ஆன செலவு 35.1 கோடி டாலர். அதில் மத்திய அரசு தந்தது 10 கோடி, மாகாணம் 4 கோடி, நகரம் 2 கோடி. நன்கொடையாக வந்தது மத்திய அரசின் பங்கைவிட அதிகம். ஆனால் கட்டி முடித்த பிறகு வருடா வருடம் நடத்துவதுதான் பெரிய பாடு; அந்தப் பொறுப்பு மத்திய அரசின் தலையில் விழுந்தது.

இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இது அரசுக்குச் சொந்தமான நிறுவனம், ஆனால் அரசுத் துறை அல்ல. நிர்வாகம் அறங்காவலர் குழுவின் கையில். குழுவை நியமிப்பது அமைச்சர். என்றாலும் எதைக் காட்சிக்கு வைக்கலாம், எதை ஆராயலாம் என்று அரசு உத்தரவு போடக் கூடாது என்கிறது சட்டத்தின் 27ஆம் பிரிவு. அரசுகள் செய்த தவறுகளையே காட்ட வேண்டிய இடத்துக்கு இந்த வேலி இல்லாமல் தீராது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளின் கதையும் அங்கே உண்டு.

வேலி வெளியாரைத்தான் தடுக்கும். 2015 முதல் 2017 வரை, சில பள்ளிகள் கேட்டுக்கொண்டதால், பால்புதுமையர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோர்) பற்றிய பகுதிகளைச் சுற்றுலா வந்த மாணவர்களுக்குக் காட்டாமல் விட்டிருக்கிறார்கள். 2020இல் இது வெளியே வந்தது. அருங்காட்சியகம் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. எந்த அமைச்சரும் சொல்லி நடந்த வேலை இல்லை அது.