1022-லிருந்து பதின்மூன்றைக் கழியுங்கள்

வறுமை உடலைக் கெடுக்கும் என்பது விளங்குகிறது. ஆனால் உணவுக்கும் உறைவிடத்துக்கும் மருத்துவத்துக்கும் குறைவில்லாத ஒருவரை, தமக்கு மேலே பலர் இருக்கிறார்கள் என்பது மட்டுமே எப்படி நோயாளி ஆக்கும் என்று வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். இல்லாமை வேறு, ஏற்றத்தாழ்வு வேறு என்று அவரே பிரித்துக்கொண்டு கேட்டதால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

இந்தப் பிரிவினையைத் தெளிவாகக் காட்டியது, 1967இல் பிரிட்டன் அரசு ஊழியர்களிடம் தொடங்கப்பட்ட ஒயிட்ஹால் ஆய்வு. லண்டனில் பணியாற்றிய, 40 முதல் 64 வயது வரையிலான ஆண்கள் ஏறத்தாழ 18,000 பேர் அதில் இடம்பெற்றார்கள். அனைவருக்கும் நிலையான வேலை இருந்தது. 1948 முதலே அந்த நாட்டில் மருத்துவம் இலவசம். அப்படியிருந்தும், வாயிற்காவலர், தகவல் கொண்டுசெல்வோர் போன்ற கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறந்த விகிதம் உயரதிகாரிகளுடையதைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வேறுபாட்டில் பாதிக்கு மேல் அப்படியே எஞ்சியது. நோய்ப்பரவல் ஆய்வாளர் மைக்கேல் மார்மட் வெளியிட்ட இந்தப் பகுப்பாய்வுகளில் என்னை உறுத்துவது கடைநிலை ஊழியரின் கணக்கு அன்று. நல்ல சம்பளம் வாங்கும் இரண்டாம் படி அலுவலருக்கும் முதல் படியில் இருப்பவரைவிட ஆபத்து கூடுதல் என்பதுதான். ஆயிரக்கணக்கானோரைப் பல்லாண்டுகள் விடாமல் பின்தொடர்ந்தால்தான் இப்படியொரு உண்மை வெளிவரும். மூன்றாண்டுக்குள் முடிவைக் கேட்கும் நிதிநல்கைகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது என்பது என் நெடுநாளைய ஆதங்கம்.

இனி உடலுக்குள் செல்வோம். ஆபத்தை உணர்ந்தவுடன் அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடப்பது பள்ளிப் பாடம். அதற்குப் பின்னால் சற்று நிதானமாக வருவது கார்ட்டிசோல் என்ற ஹார்மோன்: மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி அதன் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, அங்கிருந்து அது இரத்தத்தில் கலக்கிறது. இந்தத் தொடரை ஆய்வகத்தில் கிளப்பிவிடுவதற்கு ஜெர்மனியின் ட்ரையர் பல்கலைக்கழகத்தில் வகுக்கப்பட்ட சோதனை ஒன்று 1993இல் வெளியாயிற்று. தன்னார்வலரை ஓர் அறைக்குள் அழைத்து, வேலைக்குத் தாமே பொருத்தமானவர் என்று ஐந்து நிமிடம் பேசச் சொல்வார்கள். எதிரே அமர்ந்திருக்கும் தேர்வாளர்கள் புன்னகைப்பதில்லை, தலையசைப்பதுமில்லை. பக்கத்தில் ஒரு கேமரா ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த ஐந்து நிமிடம் 1022-லிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும்: 1009, 996, 983. ஒரு தவறு நேர்ந்தால் போதும், மறுபடியும் 1022-லிருந்து தொடங்கச் சொல்வார்கள். அடியில்லை, வலியில்லை, பசியில்லை; ஆனாலும் எச்சிலில் கார்ட்டிசோல் அளவு இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறிவிடுகிறது. இதுபோன்ற 208 ஆய்வுகளை 2004இல் ஒருங்கே அலசிய சாலி டிக்கர்சனும் மார்கரெட் கெமனியும், பிறர் நம்மைக் குறைவாக மதிப்பிடக்கூடும் என்ற அச்சமும் நிலைமை நம் கையில் இல்லை என்ற உணர்வும் சேரும்போதுதான் கார்ட்டிசோல் மிக அதிகமாக ஏறுகிறது என்று கண்டார்கள். படிநிலையின் கீழ்ப்பகுதியில் இருப்பவருக்கு அந்த அறைக்குள் இருப்பது பத்து நிமிடச் சோதனை அன்று. அன்றாடப் பிழைப்பே அதுதான்.

கார்ட்டிசோல் செல்லுக்குள் செய்யும் வேலை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அது கொழுப்பில் கரையும் மூலக்கூறு என்பதால் செல்சவ்வு அதற்குத் தடையே இல்லை. உள்ளே அதற்கென்றே ஓர் ஏற்பிப் புரதம், துணைப் புரதங்கள் தாங்கிப் பிடித்திருக்க, காத்துக்கொண்டிருக்கிறது. கார்ட்டிசோல் வந்து பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது. பிடித்திருந்தவற்றிலிருந்து நழுவி, உட்கருவுக்குள் நுழைந்து, டிஎன்ஏவின் குறிப்பிட்ட இடங்களில் அமர்ந்து சில மரபணுக்களை எழுப்புகிறது, சிலவற்றை அடக்குகிறது. காயத்தையோ கிருமியையோ எதிர்க்க உடல் கிளப்பும் வீக்கமும் சூடுமே அழற்சி. அதற்கான மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா பி என்ற புரதத்தைக் கட்டுப்படுத்துவதும் இதே ஏற்பிதான். மூளையிலோ, தன்னைச் சுரக்கச் சொன்ன ஹைப்போதலாமஸிடமே திரும்பிப் போய்ப் போதும் என்று சொல்கிறது இந்த ஹார்மோன்.

அப்படியானால் ஒரு முரண் எழுகிறது. மருத்துவர்கள் தரும் ஸ்டீராய்டு மருந்துகளைப் போலக் கார்ட்டிசோலும் அழற்சியை அடக்குமென்றால், நெடுநாள் மன அழுத்தத்தில் இருப்பவருக்கு அழற்சி குறைந்தல்லவா இருக்க வேண்டும்? அளந்து பார்த்தால் கூடியிருக்கிறது. ஓயாமல் ஒலிக்கும் மணியைக் காது பொருட்படுத்தாமல் விடுவதைப் போல, தொடர்ந்து கார்ட்டிசோலில் ஊறிய நோயெதிர்ப்பு செல்களின் ஏற்பிகள் மந்தமாகிவிடுவதே இதற்கு விடை என்று கருதப்படுகிறது. ஷெல்டன் கோஹன் குழுவினர் 276 தன்னார்வலர்களின் மூக்கில் ஜலதோஷ வைரஸைச் சொட்டுவிட்டுக் கண்காணித்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. நீடித்த அழுத்தத்துக்கு ஆளானவர்களின் செல்கள் கார்ட்டிசோலுக்குச் சரிவர இணங்கவில்லை. அப்படி இணங்காதவர்களுக்கே ஜலதோஷம் அதிகமாகப் பிடித்தது.

அடங்காத அழற்சி தமனிச் சுவரில் கொழுப்புப் படிவை வளர்ப்பது இதயநோய்க்கு வழி. மனத்துக்கான வழி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அழற்சியின்போது வெளியாகும் சைட்டோகைன்கள் என்ற செய்திப் புரதங்கள் மூளைக்கும் செய்தி அனுப்புகின்றன. காய்ச்சல் நாள்களில் எதிலும் நாட்டமின்றி ஒதுங்கிப் படுத்துக்கொள்ளத் தோன்றுவது அதனால்தான். ஹெபடைட்டிஸ் சி நோய்க்கு இன்டர்ஃபெரான் ஆல்ஃபா என்ற சைட்டோகைனையே ஊசியாகப் பெற்றவர்களில் கணிசமானோர் மனச்சோர்வில் விழுந்தார்கள். எனவே கீழ்நிலையில் உள்ளவர்களின் சோர்வைச் சோம்பல் என்று தீர்ப்பெழுதுபவர்கள் சற்றுத் தயங்குவது நல்லது.

நாடுகளை ஒப்பிடும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. ஏழைக்குக் கூடுதலாகக் கிடைக்கும் வருமானம் ஆயுளை நிறையவே கூட்டும், செல்வந்தருக்கு அதே தொகை ஏறக்குறைய ஒன்றும் கூட்டாது. ஆகவே சமமின்மை மிகுந்த நாட்டில் சராசரி ஆயுள் குறைந்திருப்பதற்கு மனம் என்ற இடைத்தரகரே தேவையில்லாமலும் போகலாம். இந்த வாதம் பொருளியலாளர்களிடையே இன்னும் தீரவில்லை.

கீழ்நிலை நோயைத் தருவதற்குப் பதிலாக நோயாளிகள்தாம் கீழே இறங்குகிறார்களோ என்ற ஐயமும், அவரவர் தலையெழுத்து என்ற பழைய சமாதானமும் எஞ்சியிருக்கின்றன. மனிதர்களைக் குலுக்கிப்போட்டுப் படிநிலை வகுக்க முடியாது, குரங்குகளிடம் முடிந்தது. ரீசஸ் இனப் பெண் குரங்குகள் 45-ஐ ஐந்தைந்தாக ஒன்பது குழுக்களாக்கி, ஒவ்வொரு குழுவிலும் குரங்குகளை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே விட்டார்கள். முந்தி நுழைந்தது மேல்நிலையைப் பிடிக்கும், பிந்தி வந்தது அடியில் நிற்கும். 2016இல் வெளியான அந்த ஆய்வில், உணவும் இடமும் ஒன்றாயிருந்தும், அடியில் நின்றவற்றின் நோயெதிர்ப்பு செல்களில் அழற்சி மரபணுக்கள் கூடுதலாக விழித்திருந்தன. பிறகு குழுக்களைக் கலைத்து, வரிசையை மாற்றி, மறுபடியும் உள்ளே விட்டார்கள். அடியில் இருந்த சில குரங்குகள் மேலேறின, மேலே இருந்த சில இறங்கின. மரபணுக்களின் செயல்பாடும் பெரும்பாலும் பழைய இடத்தை விட்டுவிட்டுப் புதிய இடத்துக்கு ஏற்ப மாறியது.