ஆர்மேரோவை மூடியது லாவா அல்ல

கொலம்பியாவில், பூமத்தியரேகைக்கு ஐந்து டிகிரி வடக்கே நிற்கிறது நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை. வெப்பமண்டலம்தான், ஆனால் உயரம் 5,321 மீட்டர் என்பதால் உச்சியில் எப்போதும் பனி. ‘நெவாடோ’ என்றாலே ஸ்பானிஷில் பனி மூடியது என்று அர்த்தம். 1985 நவம்பர் 13 இரவு இந்த எரிமலை வெடித்து, ஆர்மேரோ என்ற ஊரிலும் சுற்றுப்புறத்திலும் சுமார் 23,000 பேர் இறந்ததற்கு இந்தப் பனிதான் காரணம். லாவா ஊர்ப்பக்கமே வரவில்லை.

பசிபிக் கடலுக்கு அடியிலுள்ள நாஸ்கா என்ற புவியோட்டுத் தட்டு, தென்னமெரிக்காவுக்குக் கீழே சரிந்து போகிறது. போகும்போது நீர் ஊறிய பாறைகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆழத்தின் சூடும் அழுத்தமும் அந்த நீரைப் பிழிந்து வெளியேற்ற, அது மேலே உள்ள சூடான பாறையில் கலக்கிறது. பனிக்கட்டியில் உப்பைப் போட்டதுபோல, அந்தப் பாறையின் உருகுநிலை இறங்கிவிடுகிறது. இப்படிப் பிறக்கும் பாறைக்குழம்பான மாக்மா, மேலே வருவதற்குள் பிசுபிசுப்பாகிவிடும். உள்ளே சிக்கிய வாயு எளிதில் வெளியேறாது, அதனால் வெடிக்கும். லாவாவும் சாம்பலும் மாறி மாறிப் படிந்து வளர்ந்த மலை இது.

1985 வெடிப்பு அளவில் சிறியது. சாம்பல் மட்டும் மெதுவாக விழுந்திருந்தால் பனியைப் போர்வைபோல மூடியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் பல நூறு டிகிரி சூட்டில் கல், சாம்பல், வாயு மூன்றும் கலந்து சீறி இறங்கி, பனியை உழுது கிளறிவிட்டன. மொத்தப் பனியில் பத்தில் ஒரு பங்குதான் உருகிப் போனது. அதுவே போதுமானதாக இருந்தது.

அந்த நீர் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் மண்ணையும் பாறைகளையும் அரித்துச் சேர்த்துக்கொண்டு, கான்கிரீட் கலவைபோல் கெட்டியான சேற்று வெள்ளமாகியது. இதற்கு லஹார் என்று பெயர், ஜாவா மொழிச் சொல். வழியெல்லாம் சேர்த்ததில் அதன் பருமன் நான்கு மடங்குவரை பெருகியது.

முக்கிய வெடிப்பு நடந்தது இரவு ஒன்பது மணிக்குப் பின். லகுனில்யா ஆற்றின் வழியே வந்த சேறு ஆர்மேரோவை அடைந்தபோது மணி பதினொன்றரை. மேட்டுக்கு நடந்தே போய்விடக்கூடிய அவகாசம். அன்று மாலையே ஊரில் சாம்பல் விழுந்தது. பதற்றப்பட வேண்டாம் என்றுதான் மக்களிடம் சொன்னார்கள்.

இத்தனைக்கும் 1595இலும் 1845இலும் இதே மலை இப்படியே சேற்றை அனுப்பியிருக்கிறது. 1845இல் இறந்தவர்கள் சுமார் 1,000 பேர். பருத்தி நன்றாக விளைந்த ஆர்மேரோ, அந்தச் சேறு காய்ந்த மண்மேல்தான் கட்டப்பட்டிருந்தது. வெடிப்புக்கு ஒரு மாதம் முன்பு நிபுணர்கள் வெளியிட்ட அபாய வரைபடத்திலும் சேறு போகும் வழியில் அந்த ஊர் இருந்தது.