மூட்டையில் எழுதிய பெயரும் நெல்லின் டிஎன்ஏவும்

செங்குன்றத்தில் இரண்டு கடைகளில் 'கிச்சிலிச் சம்பா' வாங்குகிறோம். இரண்டும் ஒரே ரகம்தானா? மணியின் நீள அகலத்தை வைத்தே சொல்லிவிடுவேன் என்பவர்கள் உண்டு. ஆனால் மணியின் பருமன் மண்ணுக்கும் உரத்துக்கும் தண்ணீருக்கும் ஏற்ப மாறும், ஆலையில் எவ்வளவு தீட்டினார்கள் என்பதற்கும் ஏற்ப மாறும். பெயரோ அதைவிட மோசமான சாட்சி. ஒரே நெல்லுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும், ஒரே பெயரில் நாலு நெல்லும் இருக்கும். வயலும் ஆலையும் தொட முடியாத ஓர் அடையாளம் வேண்டும்.

நெல்லின் 12 குரோமோசோம்களில் 40 கோடிக்குச் சற்றுக் குறைவான டிஎன்ஏ எழுத்துகள் உள்ளன. அங்கங்கே கீறல் விழுந்த ரெக்கார்டு போல ஒரு துண்டு திரும்பத் திரும்ப வரும்: ஜிஏ, ஜிஏ, ஜிஏ... டிஎன்ஏ நகலாகும்போது இந்த இடங்களில் சறுக்கி, எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடும் அல்லது குறையும். பெரும்பாலும் செடிக்கு அதனால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அதனாலேயே அந்த மாற்றம் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடுகிறது. ஒரு ரகத்தில் 12 முறை, இன்னொன்றில் 17 முறை என்றால் அந்தத் துண்டின் நீளத்தில் 10 எழுத்து வித்தியாசம். துண்டின் இருபுறமும் மாறாத வரிசைகள் இருப்பதால் அவற்றில் பிரைமர்கள் என்னும் சிறு டிஎன்ஏ துணுக்குகளை ஒட்டவைத்து, நடுவில் இருப்பதை மட்டும் பிசிஆர் என்னும் நகலெடுப்பு முறையில் பெருக்கலாம். நெல் ஆராய்ச்சியில் 'ஆர்எம்' என்று எண்ணோடு குறிப்பிடப்படும் மார்க்கர்கள், அதாவது அடையாளக் குறிகள், இவைதான்.

வேலை கெடுவது பெரும்பாலும் இலை பறிக்கும்போதே. கத்திரி வெயிலில் ஈர இலையைப் பாலித்தீன் கவரில் போட்டு எடுத்துவந்தால், ஆய்வகம் சேர்வதற்குள் பழுத்து, டிஎன்ஏ துண்டு துண்டாகியிருக்கும். இளம் இலையை அதன் எடையைப்போல் பத்து மடங்கு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் புதைத்துக் கொண்டுவருவது நல்லது. சென்னையின் கடற்காற்று ஈரத்தில் நீலக் குருணைகள் சீக்கிரம் வெளிறி இளஞ்சிவப்பாகும். அப்படி ஆனதும் மாற்றிவிட வேண்டும். பிறகு இலையிலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்கும் வழக்கமான சிடாப் முறை: சோப்பு போன்ற வேதிப்பொருளான சிடாப் 2 சதவீதம், 1.4 மோலார் உப்பு கலந்த கரைசலில் 65 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம். அடுத்து 24:1 விகிதத்தில் குளோரோஃபார்ம், ஐசோஅமைல் ஆல்கஹால். சுழற்றியபின் மேல் அடுக்கை மட்டும் எடுக்கிறோம். ஆசைப்பட்டு நடு அடுக்கைத் தொட்டால் புரதமும் கூடவே வரும். டிஎன்ஏ கொழகொழவென்று இருந்தால் மாவுச்சத்து, சர்க்கரைப் பசை ஒட்டியிருக்கிறது, பிசிஆர் படுத்துவிடும். அப்போது டிஎன்ஏவை இன்னும் அதிகமாக ஊற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு. பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள், பல முறை அதுவே போதும்.

கடை அரிசியிலும் செய்யலாம். கருப்பு கவுனியின் நிறமி பிசிஆரைத் தடுக்கும் என்பதால் கரைசலில் பிவிபி என்ற பாலிமரைச் சேர்ப்பார்கள். புழுங்கலரிசியில் வேகவைத்த சூட்டில் டிஎன்ஏ நொறுங்கியிருக்கும், ஆகவே 200 எழுத்துக்குள் அடங்கும் மார்க்கர்களையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிசிஆரில் 94, 55, 72 டிகிரி என 35 சுற்று. பிறகு 3 சதவீத அகரோஸ் ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சினால் சின்னத் துண்டு முந்தி ஓடும், ஒரே நீளமுள்ள துண்டுகள் சேர்ந்து ஒரு பட்டையாகத் தெரியும். பட்டைகளைப் படிப்பதில் பழக்கம் வேண்டும். முதன்மைப் பட்டைக்குக் கீழே நிழல்போல மங்கலாக வருவது நகலெடுக்கும் நொதி சறுக்கியதன் விளைவு, அதை வேறு நீளமுள்ள தனி வடிவமாக எண்ணக் கூடாது. நாலைந்து எழுத்து வித்தியாசத்தை அகரோஸில் நம்பிச் சொல்ல முடியாது, பாலிஅக்ரிலமைடு ஜெல் தேவை. ஒவ்வொரு ஜெல்லிலும் தெரிந்த ரகம் ஒன்றை ஓட்டாவிட்டால் திங்கட்கிழமை ஜெல்லையும் வியாழக்கிழமை ஜெல்லையும் ஒப்பிடவே முடியாது.

நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஒற்றைச் செடியில் இரண்டு தெளிவான பட்டைகள் வந்தால் எங்கோ அயல் மகரந்தம் கலந்திருக்கலாம். பத்துச் செடிகளின் இலையைச் சேர்த்து அரைத்தபோது வந்தால் விதைக் கலப்பும் காரணமாகலாம். பாரம்பரிய ரகங்களைப் பொறுத்தவரை இப்படி அரைப்பதே எனக்கு உடன்பாடில்லை. வயலுக்குள்ளேயே இருக்கும் பன்மை அதில் மறைந்துபோகும்.

பன்மையை எண்ணாகவும் சொல்லலாம். ஒரு மார்க்கரில் மூன்று வடிவங்கள், 20 ரகங்களில் முறையே 10, 6, 4 ரகங்களில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பங்குகள் 0.5, 0.3, 0.2. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 0.38, அதை ஒன்றிலிருந்து கழித்தால் 0.62, அதுவே பன்மையின் அளவு. எல்லா ரகத்திலும் ஒரே வடிவம் என்றால் விடை பூஜ்யம். அந்த மார்க்கரால் ரகம் பிரிக்கப் பயனில்லை.

இதே பட்டைகள் ரகம் உருவாக்கவும் உதவும். ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ நெல்லில் 9-ஆம் குரோமோசோமில் உள்ள சப்1ஏ மரபணு, வெள்ளத்தில் மூழ்கிய பயிரை வளரவிடாமல் அடக்கி, சேமிப்பைக் காப்பாற்றுகிறது. டெல்டாவில் அறிமுகமான சிஆர் 1009 ரகத்துக்குள் அதைக் கொண்டுவர, கலப்பினத்தைத் திரும்பத் திரும்ப சிஆர் 1009 உடனேயே சேர்க்க வேண்டும். இந்தப் பிற்கலப்பு மூன்று முறை முடிந்தபின் சராசரியாக 93.75 சதவீதம் பழைய ரகம் திரும்பிவிடும். ஒவ்வொரு முறையும் பாதி நாற்றுகளில்தான் சப்1ஏ இருக்கும். எவை என்று நாற்றங்காலிலேயே பட்டை சொல்லிவிடும், வெள்ளத்துக்குக் காத்திருக்க வேண்டாம். மரபணுவோடு ஒட்டிவரும் எஃப்ஆர்13ஏவின் தேவையற்ற பகுதியை வெட்ட, அதன் இருபுறமும் மார்க்கர் வைத்து, அங்கே சிஆர் 1009-இன் பட்டையை மட்டும் காட்டும் செடிகளைத் தேட வேண்டும்.

கடைசியில் எப்படியும் தொட்டி வேண்டும். நாற்றுகளை 14 நாள் மூழ்கடித்து, தண்ணீரை வடித்து, புதிய இலை விட்டவற்றை எண்ண வேண்டும். பக்கத்திலேயே பழைய சிஆர் 1009 இருக்கட்டும். அதுவும் பிழைத்துக்கொண்டால் மூழ்கடித்தது போதவில்லை என்று பொருள், சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.