கடை கட்டிய பிறகு வரும் பசி

மதுரையில் இரவு ஒன்றரை மணி. பரோட்டாக் கல்லின் அடியில் நெருப்பை அணைத்துவிட்டார்கள். ஒருவர் மேசைகளைத் துடைக்கிறார், ஒருவர் தரையைக் கழுவி விடுகிறார், கல்லாவில் நோட்டுகளை அடுக்கும் வேலை நடக்கிறது. மாலை நான்கு மணிக்கு மாவு பிசையத் தொடங்கிய மாஸ்டர் இப்போதுதான் உட்காருகிறார். மீந்த பரோட்டா மூன்று, சட்டியின் அடியில் கெட்டிப்பட்ட சால்னா, ஒரு டபுள் ஆம்லெட். பத்து நிமிடத்தில் தட்டு காலியாகிவிடும். இரண்டரைக்குப் படுக்கை.

சிம்மக்கல்லிலும் மாட்டுத்தாவணியிலும் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றிப் பார்த்தாலும் இப்படித்தான் சாப்பிடுகிறார்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் மாநில அரசு ஆணை பிறப்பித்ததோடு, இரவு வியாபாரத்துக்குச் சட்டத்தின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. அந்த வியாபாரத்தைத் தாங்கி நிற்கும் உடம்புகளைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. எட்டு ஒன்பது மணி நேரம் நின்றபடியே உழைத்தும் தொப்பை விழுகிறது, படுத்தால் நெஞ்சு எரிகிறது, நாற்பது வயதுக்குள் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. “வாயைக் கட்டத் தெரியவில்லை” என்று சுற்றியிருப்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பழியை நான் ஏற்கவில்லை. நள்ளிரவில் அந்தத் தட்டு உடலுக்குள் என்ன ஆகிறது என்று பார்த்தால், நீங்களும் ஏற்க மாட்டீர்கள்.

முதலில் தட்டில் இருப்பதைக் கணக்குப் போடுவோம். ஒரு பரோட்டாவில் 60 கிராம் மைதா என்று வைத்துக்கொண்டால் சுமார் 210 கிலோ கலோரி. பிசையும்போதும் வீசும்போதும் கல்லிலும் சேரும் எண்ணெய் 10 கிராம் என்றால் இன்னொரு 90. ஆக, ஒன்றுக்கு 300, மூன்றுக்கு 900. தேங்காயும் எண்ணெயும் மிதக்கும் சால்னாவுக்கு 150 சேர்க்கலாம். இரண்டு முட்டை ஆம்லெட்டுக்கு 200. மொத்தம் 1,250 கிலோ கலோரி. ஒரு மனிதருக்கு ஒரு நாள் முழுவதும் தேவைப்படுவதில் ஏறத்தாழ பாதியை, படுக்கப்போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பத்து நிமிடத்தில் உள்ளே தள்ளியாகிவிட்டது.

கணக்கு இதோடு முடிந்துவிட்டால் “இரண்டு பரோட்டாவோடு நிறுத்து” என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதே தட்டைப் பகல் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் உடல் அதைக் கையாளும் விதம் வேறு.

நம் மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் புள்ளிக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட சிறு கொத்து இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. கல்லீரல், கணையம், குடல், தசை, கொழுப்பு என்று ஒவ்வோர் உறுப்பின் செல்களுக்குள்ளும் தனித்தனிக் கடிகாரங்களும் உண்டு. சில மரபணுக்கள் புரதங்களை உருவாக்குகின்றன. அந்தப் புரதங்கள் செல்லுக்குள் சேர்ந்து பெருகியதும், தம்மை உருவாக்கிய மரபணுக்களையே அடக்குகின்றன. பிறகு அவை சிதைந்து குறைய, மரபணுக்கள் மறுபடி விழிக்கின்றன. இந்தச் சுற்று ஒருமுறை முடிய ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகிறது. பழ ஈக்களில் இதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

தலைமைக் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்க்கிறது. உறுப்புகளின் கடிகாரங்களோ சாப்பாட்டையும் பார்க்கின்றன. மூளை “இரவு” என்று அறிவித்த பிறகு கல்லீரலுக்கு ஒரு முழுச் சாப்பாடு போய்ச் சேர்ந்தால், ஒரே உடலில் இரண்டு நேரம் ஓடத் தொடங்குகிறது.

இதில் மெலடோனின் என்ற ஹார்மோனின் பங்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இருட்டியதும் மூளையின் பீனியல் சுரப்பியிலிருந்து அது இரத்தத்தில் கலந்து, உறக்கத்துக்கு உடலைத் தயார்ப்படுத்துகிறது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களிலும் மெலடோனினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. அங்கே அது போய் ஒட்டியதும் இன்சுலின் சுரப்பு தணிகிறது. இயற்கைக்கு இதில் நல்ல நோக்கம்தான்: உறங்கும்போது வயிறு காலியாக இருக்கும், ஆனால் மூளைக்கு விடிய விடியச் சர்க்கரை தேவை. அந்த நேரத்தில் இன்சுலின் மிகுந்து சர்க்கரையை இறக்கிவிடக் கூடாது. ஆக, இரவு ஒன்றரை மணிக்குக் கணையம் வேலையைக் குறைத்துக்கொண்டு ஓய்வில் இருக்கிறது. அப்போதுதான் மைதா மூன்று உருண்டையாக வந்து இறங்குகிறது. இரத்தத்தில் சர்க்கரை பகலைவிட அதிகமாக ஏறுகிறது. இறங்கவும் அதிக நேரம் பிடிக்கிறது. இரைப்பையும் இரவில் மெதுவாகவே காலியாகும். நிறைந்த வயிற்றோடு படுத்தால் அமிலம் மேலேறி நெஞ்சைச் சுடுவதன் காரணம் அதுவே.

தொடர்ந்து இரவு வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கடிகாரம் பழகிவிடாதா என்று கேட்கலாம். ஓரளவு தள்ளிப்போகும். ஆனால் காலை வெயில், வீட்டின் சத்தம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப எழுவது, விடுமுறை நாளில் ஊரோடு சேர்ந்து வாழ்வது எல்லாம் அதைத் திரும்பப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கின்றன. முழுதாக மாறிக்கொள்பவர்கள் குறைவு.

சரி, கெடுப்பது கண்விழிப்பா, அந்த நேரத்துச் சாப்பாடா? எனக்கு மிக முக்கியமாகப் படும் ஆய்வு இந்தக் கேள்விக்கு விடை தேடியது. அமெரிக்காவில் 19 இளைஞர்களை 14 நாள் ஆய்வகத்தில் தங்கவைத்து, இரவு வேலை பார்ப்பதுபோல் விழித்திருக்கச் செய்தார்கள். ஒரு குழு இரவிலும் சாப்பிட்டது. மற்றொரு குழுவும் அதேபோல் விழித்திருந்தது. ஆனால் சாப்பாடு பகலில் மட்டும். இரவில் சாப்பிட்டவர்களின் சராசரி இரத்தச் சர்க்கரை 6.4 சதவீதம் உயர்ந்தது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு உயரவே இல்லை. 2021-இல் வெளிவந்த முடிவு இது. சிறிய ஆய்வுதான், நலமான இளைஞர்களை வைத்துச் செய்ததுதான். அப்படியும் இரவுத் தொழிலாளிக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை என்று நினைக்கிறேன். வேலை நேரத்தை மாற்றுவது அவர் கையில் இல்லை. சாப்பிடும் நேரத்தைக் கொஞ்சமாவது மாற்றலாம்.

எடைக்கு வருவோம். 2022-இல் அதே ஆய்வாளர் வட்டத்திலிருந்து வந்த இன்னொரு ஆய்வில், எடை கூடிய 16 பேருக்கு ஒரே உணவை, ஒரே அளவில், ஒருமுறை வழக்கமான நேரத்திலும் இன்னொரு முறை ஏறத்தாழ நான்கு மணி நேரம் தள்ளியும் கொடுத்தார்கள். தள்ளிச் சாப்பிட்டபோது, “போதும்” என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் குறைந்தது, பசி கூடியது, விழித்திருக்கும் நேரத்தில் உடல் செலவழிக்கும் ஆற்றல் சுமார் 5 சதவீதம் இறங்கியது. கொழுப்புத் திசுவில் கொழுப்பைச் சேமிக்கும் பக்கம் சாயும் மரபணுச் செயல்பாடுகளும் தெரிந்தன. வரவு அதே, செலவு குறைவு, பசி அதிகம். நேரம் மட்டும்தான் மாறியிருந்தது.

உடலின் உள்கடிகாரமே பசியைக் காலையில் தாழ்த்தி, இரவு எட்டு மணி வாக்கில் உச்சத்துக்குக் கொண்டுபோகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரவுக் கடையில் கூட்டம் நெரியும் நேரமும் அந்த எட்டு மணிதான். பசி உச்சத்தில் நிற்க, கைகள் அடுத்தவருக்குப் பரோட்டா பிய்த்துப் போட்டுக்கொண்டிருக்கின்றன. அந்தப் பசியை அடக்க ஒரு டீ, ஒரு துண்டு ஆம்லெட், இன்னொரு டீ. ஒரு டீயில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 10 கிராம். ஆறு டீக்கு 60 கிராம். சர்க்கரை மட்டுமே 240 கிலோ கலோரி. அதில் இருக்கும் காஃபீனின் பாதி கரையவே ஐந்து மணி நேரம் போல் ஆகும். பதினொரு மணிக்குக் குடித்த டீ, மூன்று மணிக்குப் படுத்தவரை இன்னும் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கும்.

உறக்கம் குறைந்தால் பசி இன்னும் முறுக்கும். 2004-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவைத்து அளந்தபோது லெப்டின் 18 சதவீதம் குறைந்து, பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது. அவர்களின் ஆசையும் இனிப்பு, உப்புத் தின்பண்டம், மாவுப் பொருள்களின் பக்கம்தான் சாய்ந்தது. காலை ஏழு மணிக்கே வீட்டின் மிக்சி சத்தத்தில் எழுந்துவிடும் ஒருவருக்கு மாலையில் ஏன் வடை கண்ணை இழுக்கிறது என்பதற்கு இதுவே பதில். உறக்கத்தைக் கூட்டினால் இதெல்லாம் பின்வாங்குகிறது என்பதுதான் ஆறுதல். உறக்கம் போதாத, எடை கூடிய 80 பேரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தூங்கவைத்தபோது, யாரும் உணவுக் கட்டுப்பாடு சொல்லாமலேயே அவர்கள் உட்கொண்டது சராசரியாக 270 கிலோ கலோரி குறைந்தது. ஜன்னலுக்கு ஒரு கறுப்புத் துணி, செல்பேசிக்கு ஒரு மூலை, வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: எடை குறைக்க நினைக்கும் இரவுத் தொழிலாளி முதலில் கேட்க வேண்டியது இவற்றைத்தான்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நான் சொல்வது இதுதான்: நாளின் பெரிய சாப்பாட்டைக் கூட்டம் வருவதற்கு முன், மாலை ஐந்து ஐந்தரைக்குள் முடித்துவிடுங்கள். வெளிச்சம் இருக்கிறது, கணையம் விழித்திருக்கிறது, அதன் பிறகு எட்டு மணி நேர உழைப்பும் காத்திருக்கிறது. வேலை செய்யும் தசை, இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும். அந்த வாய்ப்பு படுக்கப்போகிறவரின் தசைக்குக் கிடைப்பதில்லை. சோறு சாப்பிடலாம், தாராளமாக. கூடவே பருப்பு, கீரையோ பொரியலோ தட்டில் பாதி, இரண்டு முட்டை அல்லது மீன். முதலில் காயையும் முட்டையையும் சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கைவைத்தால் சர்க்கரையின் ஏற்றம் தணிவதும் சோதித்துப் பார்க்கப்பட்டதே.

எட்டு ஒன்பது மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல். நின்றுகொண்டே சாப்பிட முடியும், கை எண்ணெய் ஆகாது. அனலுக்குத் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும், குளிர்பானம் வேண்டாம். ஒன்பது மணிக்கு மேல் டீ வேண்டாம்.

கடை கட்டிய பிறகு பட்டினியாகப் படுக்கச் சொல்லவில்லை. அது நாலாம் நாளே உடைந்துவிடும். கல் சூடாக இருக்கும்போதே வெங்காயம் நிறையப் போட்டு ஒற்றை முட்டை, வெள்ளரிக்காய், ஒரு டம்ளர் மோர். அல்லது சாம்பாரோடு இரண்டு இட்லி. இருநூறு கிலோ கலோரிக்குள் அடங்கிவிடும். பரோட்டா வேண்டுமா? மாலையில் சாப்பிடுங்கள், பரோட்டா போடுகிறவரிடம் பரோட்டாவே தின்னாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இரவு வேலைக்காரர்களால் சாப்பிடும் நேரத்தைக் கட்டுப்படுத்த முடியுமா என்ற ஐயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. சான் டியாகோ நகரின் தீயணைப்பு வீரர்கள் 137 பேர் 24 மணி நேரப் பணிமுறையில் வேலை பார்ப்பவர்கள். அவர்களில் ஒரு பகுதியினரை 12 வாரம், நாளின் 10 மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். அவர்களால் அது முடிந்தது. இரத்த அழுத்தமோ சர்க்கரையோ ஏற்கெனவே கூடியிருந்தவர்களுக்கு அவை இறங்கவும் செய்தன. நம் மாஸ்டருக்கு அந்தப் பத்து மணி நேரம் காலை பதினொன்றில் தொடங்கி இரவு ஒன்பதில் முடியலாம்; கடை கட்டிய பிறகு பசி தாங்காத நாள்களுக்குத்தான் மேலே சொன்ன சின்னச் சாப்பாடு.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் நேரத்தை மாற்றக் கூடாது. மருந்தின் நேரமும் உணவின் நேரமும் பிரிந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம்.

இதையெல்லாம் தொழிலாளியின் தலையில் மட்டும் கட்டிவிடுவது நியாயமில்லை. பெரும்பாலான கடைகளில் சாப்பாடு முதலாளி போடுவது. எப்போது, என்ன என்பதும் அவர் முடிவு. கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அந்த இருக்கையில் மாலை ஐந்து மணிக்கு இருபது நிமிடம் உட்கார்ந்து சாப்பிட விட்டால், ஒரு பானைச் சோறும் ஒரு சட்டிக் கீரையும் கடையின் கணக்கைக் கவிழ்த்துவிடாது.

பலனை எப்படி அளப்பது? வேலை முடிந்த இரவில் எடை பார்க்காதீர்கள். சால்னாவின் உப்பும் குடித்த தண்ணீரும் எடையை மாற்றிக் காட்டும். வாரம் ஒருமுறை, தூங்கி எழுந்து கழிப்பறை போய்வந்த பிறகு பாருங்கள். கூடவே இடுப்பை நாடாவால் அளந்து எழுதுங்கள். இந்தியர்களுக்கு ஆண் என்றால் 90 சென்டிமீட்டர், பெண் என்றால் 80 என்பது எச்சரிக்கைக் கோடு. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கிலோ கலோரி இருக்கிறது. நாளுக்கு 300 குறைத்தால், அதாவது நள்ளிரவுப் பரோட்டாவில் ஒன்றை விட்டால், காகிதக் கணக்கில் 26 நாளுக்கு ஒரு கிலோ. உடல் தன் செலவையும் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளும் என்பதால் நிஜத்தில் இன்னும் சில நாள் கூடுதலாகப் பிடிக்கும்.