காய்ச்சலுக்குள் ஒளியும் காய்ச்சல்

எத்தியோப்பியாவின் வடமேற்கே, சூடான் எல்லையை ஒட்டிய ஹுமேரா, மெட்டெமா தாழ்நிலங்களுக்கு எள் வயல் வேலைக்காக ஆண்டுதோறும் மலைப்பகுதி இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். பலருக்கு இரவுத் தூக்கம் திறந்தவெளியில்தான். அங்கே மணல் ஈ கடித்தால் லீஷ்மேனியா டொனோவானி என்ற ஒட்டுண்ணி உடலுக்குள் போகலாம். (பெயரில் உள்ள டொனோவன், 1903-இல் மதராஸ் அரசு பொது மருத்துவமனையில் இதைக் கண்டறிந்தவர்.) அது முற்றினால் காலா அசார்: வாரக்கணக்கில் காய்ச்சல், உடல் மெலிவு, வயிற்றின் இடப்பக்கம் கைக்குத் தட்டுப்படும் மண்ணீரல் வீக்கம்.

இந்த நோயாளிகள் பலரின் உயிரைப் பறிப்பது, இடையில் ரத்தத்தில் பரவிவிடும் பாக்டீரியா. ஏன் இவர்களுக்கு அது இவ்வளவு எளிதாக வருகிறது?

ரத்தத்தில் சுற்றும் பாக்டீரியாவை மண்ணீரலிலும் கல்லீரலிலும் பிடித்து விழுங்குபவை மேக்ரோபேஜ் செல்கள். லீஷ்மேனியா குடியேறிப் பெருகுவது அதே செல்களுக்குள்தான். நோய் முற்ற முற்ற, ஐஎல்-10 என்ற சமிக்ஞைப் புரதம் கூடி அவற்றின் கொல்லும் திறனை அடக்குகிறது. எலும்பு மஜ்ஜைக்குள்ளும் ஒட்டுண்ணி புகுவதால் ரத்த அணு உற்பத்தி குறைகிறது. உற்பத்தியானதையும் வீங்கிய மண்ணீரல் தேக்கி அழிக்கிறது. முதல் வரிசையில் நின்று போராட வேண்டிய நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள், மைக்ரோலிட்டருக்கு 1,000-க்கும் கீழே போவதுண்டு. ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் மட்டும் ஏராளமாகச் சுரக்கிறது, ஆனால் பெரும்பகுதி வந்திருக்கும் பாக்டீரியாவுக்குப் பொருந்தாதது. இதோடு ஊட்டச்சத்துக் குறைவும் சேர்ந்துகொண்டால் தோல் புண், நுரையீரல், குடல், சலைன் ஏற்றக் குத்திய ஊசி என எந்த வழியும் போதும்.

கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. காய்ச்சல் ஏற்கெனவே அடிக்கிறது. தொற்று வந்தால் வழக்கமாக ஏறும் வெள்ளணு எண்ணிக்கை இங்கே ஏறுவதில்லை. அதனால் ரத்தத்தைப் பாட்டிலில் வைத்துப் பாக்டீரியா வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் சோதனை அவசியம். ஒரு மில்லி ரத்தத்தில் ஒரே ஒரு பாக்டீரியாகூட இல்லாமல் போகலாம் என்பதால், பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வரை எடுக்கிறார்கள். அதுவும் ஆன்டிபயாட்டிக் போடுவதற்கு முன்பே, இரண்டு இடங்களில் குத்தி எடுப்பது நல்லது. தோலில் இயல்பாக வாழும் பாக்டீரியா ஒரு பாட்டிலில் மட்டும் வளர்ந்தால், அது பெரும்பாலும் ஊசியோடு ஒட்டி வந்ததாக இருக்கும். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற ஆபத்தான பாக்டீரியா வளர்ந்தால் அப்படி ஒதுக்கிவிட முடியாது.

முடிவு வர ஓரிரு நாளாவது ஆகும். மூச்சு வாங்குகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது என்றால் அதுவரை காத்திருக்கக் கூடாது. பாக்டீரியாவை ஒழிக்கக் காலா அசார் மருந்தை மட்டும் நம்ப முடியாது என்பதால், ஆன்டிபயாட்டிக்கையும் உடனே தொடங்க வேண்டும். கைக்குழந்தைகளிடமும் எச்ஐவி உள்ளவர்களிடமும் ரத்தத்தில் பாக்டீரியா பரவியிருக்குமோ என்ற சந்தேகம் இன்னும் சீக்கிரமாகவே வர வேண்டும்.